பிதுக்கிய கட்டி, சீழ் பிடித்த முதுகு: காசிமேட்டுச் சுமைத் தொழிலாளி ஒருவரின் தோல் சிஸ்ட் – நிகழ்வு ஆய்வு

இந்த வகைக் கட்டியோடு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பவற்றை ஒரே நோயாளியின் நிகழ்வாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். எந்தத் தனி நபரையும் இது குறிக்காது.

வந்தபோது இருந்த நிலை

வயது 48. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கும் வேலை. மேல் முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே, பெட்டியைத் தோளுக்கு ஏற்றும்போது விளிம்பு உரசுகிற இடத்தில் பத்து வருடத்துக்கு மேலாக ஒரு கட்டி. முதலில் பட்டாணி அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. வலி கிடையாது. வருடத்துக்கு ஓரிரு முறை மனைவி அழுத்தி எடுப்பார், நாற்றமடிக்கும் வெள்ளைப் பொருள் வரும், கட்டி சுருங்கும், சில மாதத்தில் மறுபடி நிரம்பும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வழக்கத்தைவிடப் பலமாக அழுத்தியிருக்கிறார்கள். "மாவு கணக்கா வெள்ளையா வந்துச்சி டாக்டர். நல்லா பிதுக்கி எட்த்துட்டேன், அத்தோட பூடும்னு நெனச்சேன்" என்றார் மனைவி. மறுநாள் காலையில் அந்த இடம் சிவந்து, சூடாகி, படுக்க முடியாத வலி. அன்று மாலை வெற்றிலைச் சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துப் பற்றுப் போட்டார்கள். அடுத்த நாள் மெடிக்கலில் கேட்டு மூன்று நாளைக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை. அதன் பெயர் அவருக்குத் தெரியவில்லை, அட்டையும் கையில் இல்லை. நான்காம் நாள் ஓபிக்கு வந்தார்.

காய்ச்சல் இல்லை, வெப்பம் 98.8 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்பு 88. கட்டி 4 செ.மீ., அதைச் சுற்றிய சிவப்பு 6 செ.மீ. தொட்டால் கெட்டியாக இருந்தது. உள்ளே சீழ் தளும்புகிற மென்மை இன்னும் வரவில்லை. பற்றின் ஓரம் பட்ட இடத்தில் ஒரு நாணய அளவுக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அது கட்டியால் வந்ததல்ல, சுண்ணாம்பு சுட்ட புண். உணவுக்குப் பின் பார்த்த சர்க்கரை 286 மி.கி.; மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 8.4 சதவீதம். தனக்கு சுகர் இருப்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

தோலுக்குள் நடந்தது

இது எபிடெர்மாய்டு சிஸ்ட். மேல்தோலின் ஒரு துணுக்கு, பெரும்பாலும் மயிர்க்காலின் வாய்ப்பகுதி, உள்ளே மடிந்து ஒரு பையாகிவிடுகிறது. பையின் சுவர் தோலைப் போலவே தினமும் செத்த செல்களை உதிர்க்கிறது. வெளித்தோலில் உதிர்ந்தால் குளிக்கும்போது போய்விடும். இங்கே போக வழியில்லை. பிதுக்கினால் வரும் வெள்ளைப் பொருள் இப்படிச் சேர்ந்த கெரட்டின்தான். அதைச் சீழ் என்றும் கொழுப்பு என்றும் நினைத்துத்தான் "முழுசா எடுத்துட்டா சரியாகிவிடும்" என்று நம்புகிறார்கள். கெரட்டினைக் கடைசிச் சொட்டு வரை எடுத்தாலும் சுவர் இருக்கிறவரை பை மறுபடி நிரம்பும். எண்ணெய் குறைத்துச் சாப்பிட்டாலும், பேதிக்குக் குடித்தாலும், எந்தக் களிம்பு பூசினாலும் சுவர் கரையாது.

பிதுக்கும்போது என்ன ஆகிறது என்பதை இந்த நோயாளிக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னோம்: வாய் குறுகலான மூட்டையை மேலிருந்து மிதித்தால் கொஞ்சம் வாய் வழியே வரும், மீதி அடித்தையலைப் பிய்த்துக்கொண்டு போகும். பையின் சுவர் சில செல் அடுக்கு தடிமன்தான். அது உள்பக்கம் கிழிந்து கெரட்டின் தோலின் உள்ளடுக்கில் சிந்தினால், உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்குகிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அந்தத் தாக்குதலால் வருபவை. கிருமியே இல்லாமலும் இத்தனையும் நடக்கும். வீங்கிய சிஸ்ட் எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் தேவைப்படாததற்கும், மூன்று நாள் மாத்திரையால் பலருக்கு ஒரு மாற்றமும் தெரியாததற்கும் காரணம் இதுதான். அப்படித் தானாகத் தணிந்தவர்கள் மாத்திரையால் குணமானதாக நம்பி, அடுத்த முறையும் அதையே வாங்குகிறார்கள். இது கவலைக்குரிய பழக்கம்.

இந்த நோயாளிக்கு மட்டும் கணக்கு வேறு. சர்க்கரை கூடியிருக்கிறது, சுண்ணாம்பு தோலைத் திறந்து வைத்திருக்கிறது, நாளெல்லாம் மீன் தண்ணீரிலும் வியர்வையிலும் ஊறும் முதுகு. கிருமி உள்ளே போக எல்லா வசதியும் இருந்தது.

வேறு எதுவாக இருந்திருக்கலாம்

கறுப்புப் புள்ளியும், தோலோடு ஒட்டி அடிச்சதை மேல் நகர்வதும், பல வருட வரலாறும் சேர்ந்தால் சிஸ்ட் என்று சொல்வது கடினமில்லை. லிப்போமா எனும் கொழுப்புக் கட்டிக்குப் புள்ளி இருக்காது. மெத்தென்று விரலுக்கடியில் வழுக்கும். மேலே உள்ள தோல் தனியாக நகரும். தலையில், குடும்பத்தில் பலருக்கு, புள்ளியில்லாமல் உருண்டையாக வருவது பெரும்பாலும் பைலார் சிஸ்ட். அதுவும் தீங்கற்றது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவற்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்துப் பக்கவாட்டில் வலியில்லாமல் வீங்கி, மெல்ல மெத்தென்று ஆகும் கட்டி காசநோய்க் கழலையாக இருக்கலாம். அதைக் கீறிவிட்டால் ஆறாத புண்ணாக மாதக்கணக்கில் ஒழுகும். குழந்தைக்குப் புருவ ஓரத்திலோ, மூக்கின் மேலோ, உச்சந்தலை நடுவிலோ, முதுகெலும்புக் கோட்டின் மேலோ பிறந்ததிலிருந்து இருக்கும் கட்டியைத் தொடவே கூடாது. சில உள்ளே மண்டையோடு வரையோ தண்டுவடம் வரையோ போயிருக்கும். மார்பகக் கட்டி எதுவானாலும் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாறி மாறி உடைந்து தழும்பாவது தனி நோய். சில வாரத்தில் வேகமாக வளர்வது, கல் போல் கெட்டியாவது, அடியில் அசையாமல் ஒட்டியிருப்பது, புண்ணாகி ரத்தம் கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சிஸ்ட் என்று யார் சொன்னாலும் நம்பி உட்கார வேண்டாம்.

மீன் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கை விரலிலோ முழங்கையிலோ கீறல் பட்ட இடத்தில் சில வாரம் கழித்து மெதுவாக எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும் முடிச்சுகள் சிஸ்ட் அல்ல. கடல்நீரிலும் மீனிலும் இருக்கும் ஒரு மைக்கோபாக்டீரியம் இப்படிச் செய்யும். டாக்டரிடம் தொழிலைச் சொன்னால்தான் அது நினைவுக்கு வரும்.

வீட்டில் செய்யச் சொன்னது

முதலில் சுண்ணாம்பு. அது கடுமையான காரம். ஈரத்தோடு தோலில் இருக்கிறவரை ஆழமாகச் சுட்டுக்கொண்டே போகும். காய்ந்த பற்றை மெல்ல உதறி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி இருபது நிமிடமாவது ஊற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமாக இருந்தால் குடத்திலிருந்து மக்கால் விடாமல் ஊற்றலாம். எலுமிச்சையோ வினிகரோ போட்டு முறிக்கப் பார்க்கக் கூடாது. இவருக்குப் பற்று ஏற்கெனவே போயிருந்ததால் கழுவிச் சுத்தம் செய்து, உரிந்த இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிய காஸ் (புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி) வைத்தோம். எருக்கம்பால், பூண்டு விழுது, டூத்பேஸ்ட் எல்லாம் இதே வகைப் புண்ணைத்தான் தரும்.

அடுத்து, சிவப்பின் எல்லையைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினோம். முதுகில் இருப்பதை நோயாளி பார்க்க முடியாது. வீட்டில் இருப்பவருக்கு இந்தக் கோடுதான் அளவுகோல். தினமும் காலையில் ஒரே வெளிச்சத்தில், பிள்ளைகளின் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ.

பிறகு வெந்நீர் ஒத்தடம். எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு நான்கு துண்டு கிழித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு துண்டு. தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆற வைத்து, செய்கிறவர் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் துணியை வைத்துப் பார்க்க வேண்டும். இதமாக, எரியாமல் இருக்க வேண்டும். சுமார் 40 டிகிரி செல்சியஸ். பிழிந்து கட்டியின் மேல் வைத்து, ஆறியதும் மறுபடி நனைத்து, ஒரு தடவைக்கு பத்திலிருந்து பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. உரிந்த இடத்தின் மேல் துணி படக் கூடாது. ஒத்தடத்தோடு சேர்த்துத் தேய்ப்பதும் அமுக்குவதும் கூடாது. ரத்த ஓட்டம் கூடுவதற்கு வெப்பம் மட்டும் போதும். தவறு நடப்பது இரண்டு இடத்தில். பொறுக்க முடிகிற அளவு சூடு வைத்துத் தோலைக் கொப்புளிக்க விடுவது ஒன்று. இரண்டு நிமிடம் வைத்துவிட்டு "ஒத்தடம் கொடுத்தாச்சு" என்பது இன்னொன்று.

"அக்கா, தொடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சோப்பு போட்டுக் கழுவுங்க, நகத்தடியும் சேர்த்து" என்று நர்ஸ் மனைவிக்குச் செய்து காட்டினார். அந்தத் துண்டையும் துணியையும் வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது.

மேலே மூட காஸும் பேப்பர் டேப்பும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பிளாஸ்திரி சென்னை வியர்வையில் அரை நாளில் ஊறி, சுற்றியுள்ள நல்ல தோலையும் வெளுக்கவைத்துவிடும். நனைந்தால் உடனே, நனையாவிட்டாலும் காலை மாலை மாற்ற வேண்டும். டெட்டாலை அப்படியே ஊற்றுவதும் ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரை வரக் கழுவுவதும் ஆறுகிற திசுவைக் கெடுக்கும். கடையில் தரும் மூன்று மருந்து கலந்த தோல் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பை மறைக்கும், கிருமியை வளரவிடும்.

வலிக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ தினசரிக் குடியோ இருந்தால் அதற்கும் குறைவாக, டாக்டர் சொல்லும் அளவு மட்டும். சர்க்கரை புதிதாகத் தெரிந்த நிலையில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் டைக்ளோஃபெனாக் வலி ஊசியோ மாத்திரையோ போடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது.

துறைமுகம் பக்கமே போகக் கூடாது என்றோம். பெட்டி உரசுவது மட்டும் காரணமல்ல. மீன் ஐஸ் உருகி வழியும் தண்ணீர் திறந்த புண்ணில் பட்டால் விப்ரியோ போன்ற கடல்நீர்க் கிருமிகள் உள்ளே போகலாம். சர்க்கரையும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு அது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக முடியும். பொதுவாகச் சிஸ்ட்டோடு வருகிறவர்களிடம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. காசிமேட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லாமல் விடக் கூடாது.

உடனே கிளம்பி வர வேண்டிய அடையாளங்களை எழுதிக் கொடுத்தோம்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், சிவப்பு பேனாக் கோட்டைத் தாண்டுவது, தோல் கறுப்பது, கொப்புளம் போடுவது, பார்ப்பதற்கு இருப்பதைவிட வலி பல மடங்கு இருப்பது, குழப்பமான பேச்சு. இரவானாலும் 108-ஐக் கூப்பிடலாம். கட்டி முகத்தில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் அருகிலோ கண்ணோரத்திலோ வீங்கினால், இந்த அடையாளங்களுக்குக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும்.

ரணஜன்னியைத் தடுக்கும் டிடி தடுப்பூசி போடப்பட்டது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கப்பட்டது. பரவும் சிவப்பு, திறந்த புண், கூடிய சர்க்கரை மூன்றும் சேர்ந்திருந்ததால் இவருக்கு மட்டும் செஃபாலெக்சின் எனும் ஆன்டிபயாட்டிக் 500 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை ஐந்து நாள் கொடுத்தோம்.

மூன்றாம் நாள்

ஓபிக்கு வந்த மூன்றாம் நாள் மறுபரிசோதனையில் சிவப்பு கோட்டுக்குள் ஒரு செ.மீ. சுருங்கியிருந்தது, ஆனால் நடுப்பகுதி மெத்தென்று தளும்பியது, மேல்தோல் மெலிந்து பளபளத்தது. ஒத்தடம் தோற்றதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சீழ் ஓரிடத்தில் திரண்டிருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு செ.மீ. கீறியதும் சீழும் கெரட்டின் கட்டிகளுமாக சுமார் 6 மி.லி. வந்தது. வலி அந்த நிமிடமே பாதியானது. குழிக்குள் காஸ் திரியைத் தளர்வாக வைத்தோம். கார்க் போல இறுக்கி அடைத்தால் வடிய வேண்டியது உள்ளேயே தேங்கும். மறுநாள் சலைன் எனும் உப்புநீரில் நனைத்து, ஒட்டாமல் இழுத்து எடுத்தோம். பிறகு வீட்டில் தினம் இருமுறை கொதித்து ஆறிய தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, காய்ந்த காஸ் வைத்தார்கள். திறந்த சலைன் பாட்டிலை மறுநாளைக்கு வைத்திருக்கக் கூடாது. பிப்ரவரி கடைசியில் புண் மூடியது.

இதே வேலையை வீட்டில் பிளேடாலோ சுட்ட ஊசியாலோ செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஊசித் துளை ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும், அடியில் இருப்பது வடியாது, புதுக் கிருமி மட்டும் உள்ளே போகும். முதுகில் கை நடுங்கினால் வெட்டு எங்கே போகும் என்று செய்கிறவருக்கே தெரியாது.

தணிந்த பிறகு வரும் வாரங்கள்

"அதான் ஒடைஞ்சி பூட்ச்சே சார், இன்னும் இன்னாத்துக்கு ஆபரேசன்?" என்று நோயாளி கேட்டது நியாயமான கேள்வி. வலி போய்விட்டது, பெரிய கட்டியும் தெரியவில்லை. ஆனால் பையின் சுவர் உள்ளே தழும்போடு ஒட்டிக் கிடக்கிறது; பெரும்பாலும் மறுபடி நிரம்பும். இந்த நோயில் எல்லா நோயாளியும் தடுக்கி விழும் இடம் இதுதான். வலிக்கும்போது வருகிறார்கள், அப்போது சுவர் நைந்து, எடுத்தால் துண்டு துண்டாக வரும், ஒரு துணுக்கு மிச்சமானாலும் திரும்ப முளைக்கும் என்பதால் எடுக்க மாட்டோம். எடுக்கத் தோதான நேரம் வலி தணிந்து நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து. அப்போது வலியே இல்லாததால் அவர்கள் வருவதில்லை. அடுத்த வீக்கத்தில் மறுபடி சந்திக்கிறோம், தழும்பு கூடியிருக்கும்.

தினக்கூலிக்காரரிடம் "ஆறு வாரம் கழிச்சு வாங்க, அப்புறம் ஒரு மாசம் பாரம் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கொடுத்தால் அது நடக்காது. தேதியை அவர் தொழிலைப் பார்த்து வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேட்டில் பாரம் தூக்கும் வேலை அப்போது தானாகவே குறைகிறது. பிப்ரவரி கடைசியில் ஆறிய புண்ணுக்கு ஆறு வாரம் ஏப்ரல் நடுவில் முடிகிறது. எனவே ஏப்ரல் மூன்றாம் வாரம் என்று குறித்தோம். அக்னி நட்சத்திர வெயில் தொடங்கும் முன் தையல் பாதியாவது ஆறியிருக்க வேண்டும் என்பதும் ஒரு கணக்கு. மற்ற தொழில்களுக்கும் இப்படி ஒரு மந்தமான காலம் இருக்கும். கேட்டால் நோயாளியே சொல்வார்.

இடைப்பட்ட வாரங்களில் வீட்டில் செய்ய அதிகமில்லை: சாதாரண சோப்பில் குளிப்பது, பருத்திப் பனியன், பெட்டியை இடது தோளுக்கு மாற்றுவது, தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் இருப்பது, மெட்ஃபார்மினை விடாமல் சாப்பிடுவது. ஏப்ரலில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118.

தொல்லை தராத சிஸ்ட்டை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உரசாத இடத்தில், வளராமல், ஒருமுறைகூட வீங்காமல் இருந்தால் வாழ்நாள் முழுக்க விட்டுவைக்கலாம். புற்றாக மாறுவது மிக அரிது. இவருக்கு எடுக்கச் சொன்னது தினமும் உரசும் இடம் என்பதாலும், ஒருமுறை உடைந்துவிட்டதாலும்.

எடுத்த விதமும் அதன் பின்னும்

மரத்துப்போகச் செய்யும், அட்ரினலின் கலந்த ஒரு சதவீத லிக்னோகெய்ன் ஊசியைக் கட்டிக்குள் போகாமல் சுற்றிலும் போட்டு, கறுப்புப் புள்ளியும் பழைய கீறல் தழும்பும் நடுவில் வரும்படி இலை வடிவில் வெட்டி, பையைத் தோல் துண்டோடு சேர்த்து எடுத்தோம். உடையாத சிஸ்ட்டாக இருந்தால் சில மி.மீ. துளை வழியே கெரட்டினை வெளியேற்றிச் சுவரை உருவி எடுக்கும் சின்ன முறை போதும், தழும்பும் சிறிது. இங்கே அடிப்பக்கம் தழும்போடு ஒட்டியிருந்ததால் அதற்கு வாய்ப்பில்லை. பரிசோதனைக்கு அனுப்பியதில் கெரட்டின் நிறைந்த எபிடெர்மாய்டு சிஸ்ட், சுற்றிலும் பழைய அழற்சி என்று வந்தது. சிறியதாயிற்றே என்று குப்பையில் போடாமல் அனுப்புவது நல்லது.

முதல் 24 மணி நேரம் நனைக்காமல், அதன்பின் தண்ணீர் ஊற்றிக் குளித்து ஒற்றித் துடைக்கலாம். முதுகுத் தோல் அசைவில் இழுபடும் இடம். தையலை 14 நாளில் பிரித்தோம். முகமாக இருந்தால் 5 முதல் 7 நாள், தலையாக இருந்தால் 7 முதல் 10 நாள். தையல் பிரித்த அன்று வெட்டு முழுப் பலம் பெற்றிருக்காது. அதனால் அதன் பின்னும் நான்கு வாரம் பாரம் தூக்க வேண்டாம் என்றோம். தடைக்காலம் முடியும்போது அந்தக் கெடுவும் முடிந்திருந்தது.

ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறார். பெட்டி விளிம்பு படும் இடத்தில் மடித்த துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். தழும்பை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதம் பார்க்க வேண்டும். அதன் ஓரத்தில் பட்டாணி போல ஏதாவது தட்டுப்பட்டால், வலி வருகிறதா என்று காத்திருக்காமல் வலியில்லாத அந்த நேரத்திலேயே வரும்படி மனைவியிடம் சொல்லி, சர்க்கரை மாத்திரை வாங்கும் சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்திருக்கிறோம்.